மங்களத்துக்கு முன்னால் ஒரு ‘அ’

பழங்காநத்தத்தில் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்னக் கடையில் நான் டைப் செய்கிறேன். கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான்தான். இது நடந்தபோது எனக்கு முப்பத்தஞ்சு வயசு. விவாகரத்து ஆகி ஆறு வருஷம் ஓடியிருந்தது. ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா பாதி வயசு வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். தன் மகள் ஒரு சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்காகத்தான் அந்த வயசில் நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இலவச வகுப்பு நடக்கும். டீச்சர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். நாங்கள் பந்தி மேஜைகளில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, சாம்பார் வாசனையில் இலக்கணம் படித்தோம். சொல் நான்கு வகை என்றார். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எனக்கு இட்லி, தோசை மாதிரி சுலபமாக இறங்கிவிட்டன. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் தொண்டையிலேயே நின்றன.

இடைச்சொல் தனியாக நிற்காது, ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆனால் ஒட்டிய இடத்தில் அர்த்தத்தையே திருப்பிவிடும் என்றார் டீச்சர். ‘நீ வா’ என்பது ஒன்று. ‘நீயும் வா’ வேறு. ‘நீயே வா’ வேறு. ‘நீ மட்டும் வா’ என்றால் அதன் கதையே வேறு. அது கொஞ்சம் பிடிபட்டது. உரிச்சொல் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. அதெல்லாம் பழைய பாட்டுக்குள் இருக்கிற செத்த சொற்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு குப்பை வண்டி வந்து நின்றது. பச்சைப் பெயின்ட் மேல் பெரிதாக ‘மாநகராட்சி’ என்று எழுதியிருந்தது. மா! பெரிய என்று அர்த்தம் தருகிற உரிச்சொல். ஊர்க் குப்பையை எல்லாம் சுமந்துகொண்டு என் கண் முன்னாலேயே தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெண் இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு முன்னொட்டு. சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டுகிற எழுத்து. ஒரு ‘அ’ தூரத்தில் இருப்பதைக் காட்டும்: அந்த, அங்கே, நம்ம ஊர் அம்புட்டு. இன்னொரு ‘அ’ வடமொழியிலிருந்து வந்தது. அது வந்து ஒட்டினால் சொல் தலைகீழாகிவிடும். நியாயம், அநியாயம். சுத்தம், அசுத்தம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பார்க்கிற சொல்லுக்கெல்லாம் முன்னால் ஒரு ‘அ’ போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து டைப் செய்யும்போதும் மனசுக்குள் அதே வேலைதான்.

அந்தத் திங்கட்கிழமைதான் அவர் வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்க்கிறவர். நாற்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை. அக்கா மகளுக்குக் காதணி விழா, இவர் தாய்மாமன். கையால் எழுதிய நாலு பக்கத்தை நீட்டி, “மேடம், பேரு மட்டும் ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போச்சுன்னா மண்டபத்துலயே சண்டை வந்துரும்” என்றார்.

“கவலைப்படாதீங்கண்ணே” என்றேன்.

மறுநாள் புரூஃப் பார்க்க வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். சித்தப்பாமார், பெரியப்பாமார், மாமன்மார், அவர்கள் படிப்பு, வேலை, ஊர். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை. முந்நூறு பத்திரிகை அச்சாகி, கட்டுக் கட்டாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை மதியம் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டே, மிச்சமிருந்த ஒரு பிரதியைச் சும்மா புரட்டினேன். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

‘நிகழும் அமங்களகரமான’ என்று ஆரம்பித்தது பத்திரிகை.

பத்திரிகையில் முதல் வரியை யாரும் படிக்க மாட்டார்கள். அது எல்லாப் பத்திரிகையிலும் ஒன்றுதானே. நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை. ஆனால் ஒருத்தர் படித்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு அபசகுனம் என்று ஊரே பேசும். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. டிபன் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, முதலாளியம்மாவிடம், “தலைவலிக்கா, போறேன்” என்று பொய் சொல்லிவிட்டு மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, திட்டு வாங்கினால் எப்படி நிற்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மார்க்கெட்டில் காலைக் கூட்டம் கலைந்திருந்தது. அவர் கடையில் சம்பங்கி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பத்திரிகை யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

“நேத்து சாயங்காலம் ஒம்பது வீட்டுக்குக் குடுத்தேன். ஏன் மேடம், யாரு பேரு விட்டுப்போச்சு?”

பிரதியை நீட்டி, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தேன். அவர் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வந்தது, ஆனால் அது திட்டு இல்லை. மனுஷன் சிரிக்கிறார். நிற்க முடியாமல் மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

“எப்படி மேடம் இப்படி? தனியா ஒரு ‘அ’ வந்து ஒக்காந்திருக்கு!”

நான் அழுகிற குரலில் முன்னொட்டு, வடமொழி, நியாயம் அநியாயம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப அப்பளத்துல இருக்கிறது எந்த அ? பளம்னு ஒண்ணு இருக்கா?” என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து மூக்கு வழியாக வெளியேறின. அந்த மார்க்கெட்டில் அன்று நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

யோசனை எனக்குத்தான் வந்தது. பத்திரிகை கொடுக்கும் முன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம்தானே. ஐந்தாவதாக ஒரு பொட்டை அந்த ‘அ’ மேல் வைத்துவிட்டால்? பக்கத்துக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, டீ கிளாஸிலேயே குழைத்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வைத்தோம். கடையை மூடுகிற மூன்று மணிக்குள் கையில் இருந்த கட்டு முழுவதும் முடிந்தது. என் ஆள்காட்டி விரல் ஒரு வாரம் மஞ்சளாகவே இருந்தது.

மிச்சம் அந்த ஒன்பது வீடு. “நான் மட்டும் போயிட்டு வாரேன்” என்று கிளம்பினவர், பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். “எங்க வைக்கணும்னு அவசரத்துல மறந்துருவேன். நீங்களும் வாங்க.” அந்த ‘உம்’மைக் கேட்டதும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பைக்கில் ஏறினேன். மஞ்சள் டப்பா என் மடியில்.

முதல் எட்டு வீட்டிலும் வேலை சுலபமாக முடிந்தது. “மஞ்ச வைக்க மறந்துட்டோம்” என்று அவர் பேச்சுக் கொடுப்பார். நான் பத்திரிகையை வாங்கி நாலு மூலை, ‘அ’ மேல் ஒன்று என்று வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். எட்டு வீட்டிலும் யாரும் உள்ளே பிரித்தே பார்த்திருக்கவில்லை. ஒரு வீட்டில் அதை அரிசி டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தார்கள்.

வழியில் பேச்சு முழுக்க இலக்கணம்தான். “அவசரத்துல இருக்க அ-வை எடுத்தா வசரமா?” என்பார். அது முன்னொட்டு இல்லை என்பேன். மாநகராட்சியில் இருக்கிற ‘மா’வைச் சொன்னேன். பைக்கை ஓரமாக நிறுத்தியே விட்டார். “அப்ப மாப்ளன்னா பெரிய புள்ளையா? மார்க்கெட்ல ஒரு நாளைக்கு நூறு பேரு என்னை மாப்ளங்கிறான். அம்புட்டுப் பேரும் மருவாதையாத்தான் கூப்பிட்டிருக்கான்!” அது சரியா தப்பா என்று எனக்கும் தெரியவில்லை. சிரித்த சிரிப்பில் டப்பாவைக் கீழே போடப் பார்த்தேன்.

ஒன்பதாவது வீடு திருப்பரங்குன்றத்தில், அவருடைய பெரியப்பா வீடு. நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் கேட்டது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காது மந்தமான பெரியம்மாவுக்குப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதிர்ஷ்டம், தன் பெயரைத் தேடிக் கீழேயிருந்து ஆரம்பித்திருக்கிறார். விரல் ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாமன்மார் முடிந்து, சித்தப்பாமார் முடிந்து, இடம், நேரம், தேதி. இன்னும் இரண்டே வரி.

“பெரியப்பா, மஞ்ச!” என்று கத்திக்கொண்டே அவர் பாய்ந்தார். நான் அதற்கு முன்னால் பாய்ந்து, பெரியவர் கையில் இருக்கும்போதே பொட்டை வைத்துவிட்டேன்.

பெரியப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மஞ்ச மூலையிலதானடா வைப்பாக? நடுவுல எதுக்கு?”

“இது புது மாடலுங்கய்யா” என்றேன்.

“சரி, இந்தப் புள்ள யாரு?”

“இவங்களா? இவங்கதான் பெரியப்பா... பத்திரிகை...” அவர் திணறினார்.

பெரியம்மாவுக்கு ‘பத்திரிகை’ மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவி, “இவனுக்குப் பத்திரிகை அடிச்சாச்சா! எம்புட்டு நாளா வேண்டிக்கிட்டிருந்தேன்!” என்று கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார். இல்லை இல்லை என்று நாங்கள் கத்தினோம். எங்களுக்கு வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்துத் திருநீறு பூசித்தான் அனுப்பினார்.

திரும்பி வரும்போது இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு. பழங்காநத்தம் வருவதற்குள் அவர் போன் ஆறு தடவை அடித்தது. ஆறும் அவருடைய அக்கா. பெரியம்மா சொன்ன கல்யாணச் செய்தி அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. என்னை இறக்கிவிட்டபோது, “வாரேண்ணே” என்றேன். அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு, “இனிமே அந்த அண்ணேயை மட்டும் எடுத்துருங்க” என்றார். நான் மாடிப்படி ஏறியது எனக்கு நினைவில்லை.

காதணி விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போனதும் அவருடைய அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். தாய்மாமனான அவரே வந்து எதிரில் நின்று கறி பரிமாறினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பந்தியில் ஒரே இரைச்சல், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காது. அதனால் அங்கேயே சொன்னேன்.

“எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி முறிஞ்சுபோச்சு. எதுவா இருந்தாலும் எனக்கு மறுமணம்தான்.”

அந்த ‘மறு’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். பெயர்ச்சொல்லாக வந்தால் களங்கம். வினைச்சொல்லாக வந்தால், என்னைப் பார்க்க வந்து, விவரம் தெரிந்ததும் எழுந்து போன மூன்று குடும்பங்களும் செய்தது. முன்னொட்டாக வந்தால், தரகர் நோட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது. ஒரே சொல்லை மூன்று வகையாகவும் ஆறு வருஷம் சுமந்திருந்தேன்.

அவர் கறி வாளியைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பக்கம் போன ஆளைப் பார்த்து, “அண்ணே, இந்த இலைக்கு மறுசோறு!” என்று சத்தமாகச் சொன்னார். என் பக்கம் குனிந்து, “மறுசோறு கேட்டா யாராச்சும் தப்பா நெனப்பாகளா? பசிக்குது, போடுங்கன்னுதானே அர்த்தம்” என்றார்.

இலையில் சோறு விழுந்தது. ரசம் விழுந்தது. கூடவே என் கண்ணீரும் விழுந்தது. நான் அவ்வளவு சாப்பிட்டு அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

அவர் வீட்டில் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமே ஆகாத பையனுக்கு ஏன் இப்படி ஒரு பெண் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவருடைய அக்காதான் எல்லோருக்கும் பதில் சொன்னார். மஞ்சள் பொட்டின் கதையைத் தம்பியிடம் முழுவதும் கேட்டு, ஒரு மணி நேரம் சிரித்தாராம். “என் மகளுக்கு வரவேண்டிய அமங்களத்தை ஓடிவந்து மஞ்ச வச்சு அழிச்ச புள்ள அவ. வேற எவ வருவா?” என்றாராம். அந்த அமங்களத்தை வைத்ததே நான்தான் என்பதை அவர் வசதியாக மறந்துவிட்டார்.

தட்டு மாற்ற நாள் பார்க்க அவர்கள் ஆள் அனுப்பிய அன்று அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “ஏத்தா, உன்னையும் ஒருத்தன் கேட்டு வந்திருக்கான்டி!” என்றாள்.

அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் எனக்கு அந்த ‘உம்’ முள்ளாகக் குத்தியது. முந்தின வாரம்தான் டீச்சர் நடத்தியிருந்தார், இழிவுசிறப்பும்மை என்று. உன்னைக்கூட, போயும் போயும் உன்னை. அம்மா அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்தும் தாங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன்.

“நீங்க என்னையும் கேட்டீங்களா, என்னைக் கேட்டீங்களா?”

“என்னங்க இது, விடுகதையா?”

“பதில் சொல்லுங்க.”

மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் அவர் இழுத்து ஒரு மூச்சு விடுவது கேட்டது. “உங்களைத்தான் கேட்டேன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “உங்களை மட்டுந்தான். இன்னும் ஏதாச்சும் ஒட்டணுமா? இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க, ஒட்டிருவோம்” என்றார்.

கொடியில் காய்ந்த துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அது பக்கத்து வீட்டுக்காரர் வேட்டி என்று அப்புறம்தான் தெரிந்தது.

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். அன்று பெரிய முகூர்த்தம். மாலையும் கழுத்துமாக எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ஜோடி வரிசையில் நின்றது. நகர நகர நாங்களும் நகர்ந்தோம். அவர் காதோரம் குனிந்து, “எல்லாப் பொண்ணும் மாப்ளையும் ஒரே மாதிரி இருக்காக. ஆளு மாறிரப் போகுது, கையைப் பிடிச்சுக்கங்க” என்றார். அங்கே ஆரம்பித்த சிரிப்பு தாலி கட்டும்போதும் நிற்கவில்லை. போட்டோக்காரர் “சிரிங்க” என்று சொல்லாத ஒரே கல்யாணம் எங்களுடையதாகத்தான் இருக்கும். “கொஞ்சம் வாயை மூடுங்க” என்று கெஞ்சினார்.

கடையிலும் ஒரு விஷயம் நடந்தது. விழாவுக்கு வந்துபோனவர்களில் இரண்டு பேர் தங்கள் பத்திரிகையிலும் முதல் வரியில் மஞ்சள் பொட்டு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அச்சிலேயே கலரில் போட்டுக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை.

பரீட்சையும் எழுதினேன். தமிழ்ப் பகுதியில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. கணக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாவது நாள் அவளே ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். இந்த வருஷம் மறுபடி எழுதப்போகிறேன். நாற்பதைத் தாண்டிய வீட்டுக்காரரும் எனக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறார். பரீட்சை எழுத அவருக்கு வயசு தாண்டிவிட்டது, இருந்தாலும் கடைசி மேஜையில் உட்கார்ந்து டீச்சரை அதிகம் கேள்வி கேட்கிறவர் அவர்தான்.

நேற்று மதியம் நான் ஒரு வளைகாப்புப் பத்திரிகையை டைப் செய்துகொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து அவர் போன்.

“ஏங்க, இந்த ‘சும்மா’ இருக்குல்ல, அது என்ன சொல்? பெயரா, வினையா?”

“இப்ப எதுக்கு அது?” என்றேன்.

“சும்மாதான்” என்றார்.

நான் சிரித்த சத்தத்தில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கையில் இருந்த ஆதார் அட்டையைக் கீழே போட்டுவிட்டார்.